வாரண்டி மறுப்பா? எழுத்தில் வாங்குங்கள்

புது கார் ஷோரூமை விட்டு வந்த சில நாட்களிலேயே அக்சஸரீஸ் கடை வாசலில் நிற்கிறது. ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, கண் கூசும் ஹெட்லைட், அகலமான டயர் என்று ஒவ்வொன்றாக ஏறுகின்றன. பிறகு ஒரு நாள் கோளாறு வருகிறது. சர்வீஸ் சென்டரில் பானட்டைத் திறந்தவர், "வெளியில வேலை பார்த்திருக்கீங்க சார், வாரண்டி கிடையாது" என்கிறார். உரிமையாளர் சத்தம் போடுகிறார், பணத்தைக் கட்டுகிறார், வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். எதற்காக மறுத்தார்கள் என்று சொல்லும் ஒரு துண்டுக் காகிதம்கூட அவர் கையில் இருப்பதில்லை.

இந்தக் காகிதம் இல்லாததால்தான் பலர் தோற்கிறார்கள்.

மறுப்பு நியாயமாக இருக்கும் இடங்களும் உண்டு. சாதாரண எச்4 ஆலஜன் பல்பு 60/55 வாட். அந்த இடத்தில் 100/90 வாட் பல்பைச் செருகினால், சுமார் 5 ஆம்பியர் ஓட வேண்டிய வயரில் 8 ஆம்பியருக்கு மேல் ஓடும். ரிலே போடாமல் விட்டால் ஹோல்டரின் பிளாஸ்டிக் பழுத்து உருகும், சுவிட்ச் கருகும். கம்பெனி வயரை வெட்டி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிய இடம் மெக்கானிக்கின் கண்ணுக்கு உடனே தெரியும். அந்த வயரிங் எரிந்ததற்குக் கம்பெனியிடம் பணம் கேட்க முடியாது. இஞ்சின் கணினியை ரீமேப் செய்தபின் டர்போ போனாலும் இதே கதைதான்.

ஆனால் பல்பை மாற்றியதற்கும் ஸ்டீயரிங் ரேக்கில் வரும் சத்தத்துக்கும் என்ன சம்பந்தம்? ஸ்டீரியோ மாற்றிய காரில் கியர்பாக்ஸ் போனால் அதற்கு ஏன் மறுக்க வேண்டும்? இந்தக் கேள்வியைக் கேட்காமலே மக்கள் பணத்தைக் கட்டுகிறார்கள். கேட்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் சில சர்வீஸ் சென்டர்களும் ஒரே வார்த்தையில் கதவைச் சாத்துகின்றன.

யூடியூபில் அமெரிக்க வீடியோ பார்த்துவிட்டு வாதாடுவதும் பயன் தராது. அங்கே வாரண்டிக்கென்றே 1975-இல் வந்த மேக்னுசன்–மாஸ் சட்டம் இருக்கிறது. இங்கே வாரண்டி புத்தகத்தின் வாசகமும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும்தான் துணை. ஆகவே முதலில் புத்தகத்தைப் படிக்க வேண்டும். 'மாற்றத்தால் ஏற்பட்ட பழுதுக்கு வாரண்டி இல்லை' என்பது வேறு, 'மாற்றம் செய்தால் வாரண்டியே இல்லை' என்பது வேறு. முதல் வாசகம் இருந்தால், பழுதுக்குக் காரணம் அந்த மாற்றம்தான் என்று காட்டும்படி கம்பெனியைக் கேட்கலாம்.

மறுத்தால் என்ன செய்வது? ஜாப் கார்டில் கோளாறைத் தெளிவாக எழுதவைத்து நகல் வாங்க வேண்டும். எந்த மாற்றம், எந்த உதிரிபாகத்தை, எப்படிக் கெடுத்தது என்ற காரணத்தோடு மறுப்பை எழுத்தில் கேட்க வேண்டும். தர மறுத்தால் அன்றே டீலருக்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். போட்டோ எடுக்காமல் வண்டியைப் பிரிக்க விடக்கூடாது. பழுதான பாகத்தைத் திரும்பக் கேட்டு வாங்க வேண்டும். வெளியில் போட்ட பொருளை இரவோடு இரவாகக் கழற்றி மறைப்பது வழக்கையே கெடுத்துவிடும்.

அடுத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீரவில்லை என்றால், ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்பிவிட்டு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். வாகனத்துக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அதுவே இடம். கார் வாங்கிய ஊரைத் தேடிப் போக வேண்டியதில்லை, குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். பில், வாரண்டி புத்தகம், சர்வீஸ் பதிவுகள், ஜாப் கார்டு, மறுப்புக் கடிதம், நோட்டீஸ் நகல் ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரத்தோடு இணைக்க வேண்டும். டீலர், கம்பெனி இருவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். பழுதின் காரணத்தைச் சோதனையில்தான் அறிய முடியும் என்றால் ஆணையமே அந்தப் பாகத்தைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பலாம். இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும், அதைத் தவறவிடக் கூடாது.

வாரண்டியைத் தாண்டியும் ஆபத்து இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. சி.என்.ஜி. கிட் போடுபவர்கள் அங்கீகரிக்கப்பட்ட கிட்டையே வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யில் பதிவு செய்து, இன்சூரன்ஸிலும் சேர்க்க வேண்டும். கடன் பாக்கி இருந்தால் பைனான்ஸ் நிறுவனத்தின் எழுத்துபூர்வமான சம்மதமும் தேவை.

கடைக்காரர் "வாரண்டிக்கு ஒன்னும் ஆகாது" என்று வாயால் சொல்வதை நம்பி வயரை வெட்ட விடாதீர்கள். வயரை வெட்டாத கப்ளர் இணைப்பைக் கேளுங்கள், ஜி.எஸ்.டி. பில் வாங்குங்கள். மறுப்பு வந்தால், பணம் கட்டுவதற்கு முன் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள்.