காற்றா, தண்ணீரா?
பரீட்சைக்காகப் படிக்கும் இயற்பியல் சூத்திரங்கள், ஒடிசா கடற்கரையில் உயிர் காக்கும் விடைகளைத் தருகின்றன

1999 அக்டோபர் 29 அன்று பாரதீப் அருகே கரை கடந்த சூப்பர் புயல், ஒரிசாவில் சுமார் 10,000 பேரைப் பலிகொண்டது. உச்சகட்டத்தில் அதன் காற்று வேகம் மணிக்கு 260 கி.மீ. மையத்தில் காற்றழுத்தம் 912 ஹெக்டோபாஸ்கல். இந்த எண்களை ஒரு 11ஆம் வகுப்பு மாணவரிடம் கொடுத்து, அதிக ஆபத்தானது காற்றா, தண்ணீரா என்று கேட்கலாம். விடை காண கம்ப்யூட்டர் தேவையில்லை. பாடப்புத்தகச் சூத்திரங்களும் ஒரு பென்சிலும் போதும்.

முதலில் காற்று. வீசும் காற்று தரும் அழுத்தம், அதன் அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் கிடைக்கும். ஒரு கன மீட்டர் காற்றின் நிறை சுமார் 1.2 கிலோ. மணிக்கு 260 கி.மீ. என்பது வினாடிக்கு 72 மீட்டர். விடை, சதுர மீட்டருக்கு சுமார் 3,100 நியூட்டன். 2 சதுர மீட்டர் கதவின் மீது 600 கிலோவுக்கும் அதிகமான எடை சாய்வதற்குச் சமம். மண் சுவரும் ஓலைக் கூரையும் இதைத் தாங்காது. வேகம் பாதியானால் இந்த விசை பாதியாகாது, கால்வாசியாகிவிடும். வர்க்கம் செய்யும் வேலை அது.

அடுத்து தண்ணீர். சாதாரணமாக கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 1,013 ஹெக்டோபாஸ்கல். புயலின் மையத்தில் சுமார் 100 குறைவு. மேலிருந்து அழுத்தும் பாரம் குறைந்தால் கடல் எழும்பும். ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு சுமார் ஒரு செ.மீ. வீதம், 100க்கு ஒரு மீட்டர். ஆனால் அன்று கடல் 5 முதல் 6 மீட்டர் வரை உயர்ந்தது. மீதி உயரத்துக்கு முக்கியக் காரணம் காற்றுதான். ஆழம் குறைந்த கரையோரக் கடலில், காற்று தள்ளிக்கொண்டு வந்த நீருக்குத் திரும்பிப் போக வழியில்லை. அது மேலே எழுந்து ஊருக்குள் புகுந்தது.

இப்போது அதே முதல் சூத்திரத்தில் காற்றுக்குப் பதில் கடல் நீரைப் போட்டால் உண்மை விளங்கும். ஒரு கன மீட்டர் கடல் நீரின் நிறை சுமார் 1,025 கிலோ. அது வினாடிக்கு வெறும் 3 மீட்டர் வேகத்தில், அதாவது நிதானமாக ஓட்டும் சைக்கிளின் வேகத்தில் வந்தாலே, சதுர மீட்டருக்கு 4,600 நியூட்டன். 260 கி.மீ. காற்றைப் போல ஒன்றரை மடங்கு. ஜகத்சிங்பூர் மாவட்டத்தின் எர்சமா பகுதியில் பெரும்பாலானோர் இறந்தது கடல் நீரில் மூழ்கித்தான்.

காற்றிலிருந்து தப்ப உறுதியான கட்டடம் வேண்டும். தண்ணீரிலிருந்து தப்ப உயரம் வேண்டும், அல்லது கரையைவிட்டு விலக வேண்டும். 1999க்குப் பிறகு ஒடிசா கடற்கரையில் பெருகிய புயல் பாதுகாப்பு மையங்கள் பல, தூண்களின் மேல் நிற்பது இதனால்தான். விசை என்பது அழுத்தமும் பரப்பும் பெருகியது. கீழே சுவர் இல்லாவிட்டால், தண்ணீர் மோதும் பரப்பும் குறைவு.

2013 அக்டோபரில் பைலின் புயல் கோபால்பூர் அருகே கரை கடந்தபோது, சுமார் 10 லட்சம் பேர் முன்கூட்டியே அப்புறப்படுத்தப்பட்டிருந்தனர். பலி 50க்கும் குறைவு. 2019 மே மாதம் ஃபானி புயல் பூரியைத் தாக்கியபோது சுமார் 12 லட்சம் பேர் இடம் மாற்றப்பட்டனர். ஒடிசாவில் இறந்தவர்கள் 64 பேர். இரண்டுமே 1999 புயலைவிட பலம் குறைந்தவைதான். ஆனாலும் சாவு இந்த அளவுக்குக் குறைந்ததற்கு, மக்களை முன்பே நகர்த்தியது பெரிய காரணம்.

வகுப்பறைக் கணக்குகளில் கப்பிகள் சுழல்கின்றன, பந்துகள் சாய்தளத்தில் உருள்கின்றன. புயல் அபூர்வமாகவே வருகிறது. வானிலை ஆய்வுத்துறையோ, கடல் வழக்கமான ஓத மட்டத்துக்கு மேல் எத்தனை மீட்டர் உயரக்கூடும் என்று எச்சரிக்கிறது. அந்த எண்ணுடன் அன்றைய ஓதத்தின் உயரத்தைக் கூட்டி, தன் வீட்டு வாசலின் உயரத்தோடு ஒப்பிடத் தெரிந்த மாணவி, தன் குடும்பத்தை எப்போது கிளப்ப வேண்டும் என்பதை அறிந்தவள். இந்தக் கணக்குக்கு மதிப்பெண் இல்லை. தவறினால் மறு தேர்வும் இல்லை.