கவர்னர் மகளின் குடை

ஜனவரி 26 என்றதும் நமக்குக் குடியரசு தினம் நினைவுக்கு வரும். ஆஸ்திரேலியர்களுக்கும் அது தேசிய தினந்தான். 1788-ல் அன்றுதான் ஸிட்னியில் பிரிட்டிஷ் கொடி ஏறிற்று. சரியாக இருபது வருஷம் கழித்து, 1808-ல், அதே தேதியில் அங்கே நடந்த கூத்தைக் கேளுங்கள்.

அப்போது அது கைதிகளைக் கொண்டுவந்து குடியேற்றிய நாடு. காசுக்குப் பஞ்சம், கூலிக்கும் சாமானுக்கும் ரம் சாராயமே நாணயம். வங்காளத்திலிருந்துகூட ரம் கப்பலேறி வரும். அதை மொத்தமாக வாங்கிக் கொள்ளை லாபத்துக்கு விற்றவர்கள் யார்? காவல் காக்க வந்த பட்டாளத்து அதிகாரிகளேதாம்!

இதை அடக்க 1806-ல் கவர்னராக வந்தார் வில்லியம் பிளை. 'பௌண்டி' கப்பலில் மாலுமிகள் கலகம் செய்து, நடுக்கடலில் படகில் இறக்கிவிட்டார்களே, அதே பிளைதான். நாக்கிலே நெருப்பு. நல்ல காரியத்தையும் நாலு பேர் மனம் நோகாமல் செய்யத் தெரியாதவர்.

அவர் மனைவிக்குக் கடல் என்றாலே பயம், சீமையிலேயே தங்கிவிட்டாள். ஆகவே மகள் மேரிதான் மாளிகையின் எஜமானி. அவள் கணவர் புட்லண்ட், கடற்படை அதிகாரி. க்ஷயரோகத்தால் அந்த ஜனவரி 4-ம் தேதிதான் காலமாகியிருந்தார்.

மக்கார்தர் என்ற பெரும் வியாபாரிமேல் கவர்னர் வழக்குத் தொடுத்தார். விசாரிக்க உட்கார்ந்த ராணுவ அதிகாரிகளே எதிரி பக்கம் சாய்ந்தார்கள். 26-ம் தேதி மாலை, மேஜர் ஜான்ஸ்டன் தலைமையில் சுமார் நானூறு சிப்பாய்கள் பாண்டு வாத்தியம் முழங்க மாளிகைக்குக் கிளம்பிவிட்டார்கள், கவர்னரைக் கைது செய்ய!

வாசலில் குறுக்கே நின்றது யார்? கணவனை இழந்து இருபத்திரண்டு நாளே ஆன மேரி. கையில் ஆயுதம், வெயிலுக்குப் பிடிக்கும் குடை! கணவரின் கல்லறையை மிதித்து வந்து தகப்பனாரையும் கொல்லப் போகிறீர்களா என்று கேட்டதாகச் சொல்வார்கள். குடையால் அடித்தாள் என்றும் உண்டு. நானூறு துப்பாக்கிக்கு ஒரு குடை எம்மாத்திரம்? உள்ளே புகுந்துவிட்டார்கள். பிளையைக் கட்டிலடியிலிருந்து இழுத்தார்கள் என்று படமே வரைந்து கேலி செய்தார்கள். காகிதங்களை ஒளித்துவைத்துக்கொண்டிருந்தேன் என்றார் அவர். அப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் தகப்பனுக்கும் மகளுக்கும் வீட்டுச் சிறை.

புதிய கவர்னர் மக்வாரி வேறு படையோடு வந்தார். பழைய பட்டாளம் சீமைக்குத் திரும்பிற்று. ஜான்ஸ்டனுக்கு 1811-ல் வேலை போயிற்று.

1810 மே மாதம் பிளை மகளோடு ஊர் திரும்ப வேண்டும். கிளம்பும் சமயத்தில் மேரி ஒரு குண்டைப் போட்டாள்: புதுப் படையின் தளபதி ஓ'கானலை மணக்கப் போகிறாளாம்! மே 8-ல் கல்யாணம். நானூறு பேரை எதிர்த்து நின்ற மகள், தகப்பனாருக்கா விட்டுக் கொடுப்பாள்? பிளை தனியாகக் கப்பல் ஏறினார்.