நாட்டுக்கு ஈரெழுத்து, மொழிக்கு ஈரெழுத்து

இத்தீவினைத் தமிழர் ஈழம் என்றும் இலங்கை என்றும் வழங்கினர்; அரபு வணிகர் சரந்தீப் என்றனர்; ஆங்கிலேயர் சிலோன் என்றனர். ஒரு நாட்டுக்குப் பல பெயர்கள் இருத்தல் இலக்கியத்துக்கு அழகு. வங்கிக் கணக்குக்கும் கணினிக்கும் அதுவே இடர். இவ்விடரை நீக்கும் பொருட்டுச் சர்வதேசத் தர நிர்ணய நிறுவனம் 3166 என்னும் இலக்கமுடைய தரத்தை 1974இல் வெளியிட்டது.

அதன்படி ஒவ்வொரு நாட்டுக்கும் ஈரெழுத்துக் குறி, மூவெழுத்துக் குறி, மூவிலக்க எண் என மூன்று அடையாளங்கள் உண்டு. இலங்கைக்கு உரியவை எல்.கே., எல்.கே.ஏ., 144 என்பன. எஸ்.எல். என்பது சியரா லியோனின் குறியாகும். எழுத்திருக்க எண் எதற்கு எனின், பெயர் மாறினும் எண் நிலைத்து நிற்கும். பர்மா 1989இல் மியன்மார் ஆனபோது பி.யு. என்ற குறி எம்.எம். என மாறியது; 104 என்ற எண்ணோ மாறவில்லை.

நாட்டின் உட்பிரிவுகளுக்கும் குறிகள் உள. கிழக்கு மாகாணத்துக்கு 5. அதனுள் மட்டக்களப்புக்கு 51, அம்பாறைக்கு 52, திருகோணமலைக்கு 53. இறக்காமத்தை அடுத்த வரிப்பத்தான்சேனை இந்த 52இனுள் அடங்குவது. ஆனால் அங்கு வாழும் முஸ்லிம் மக்களின் தாய்மொழி தமிழ் என்பதை எல்.கே. என்ற குறியோ 52 என்ற எண்ணோ அறிவிக்க மாட்டா. நாடு வேறு, மொழி வேறு. ஆதலின் மொழிகளுக்கெனத் தனித் தரம் ஒன்று வகுக்கப்பட்டது. அதன் இலக்கம் 639. அதில் தமிழுக்கு டி.ஏ.; சிங்களத்துக்கு எஸ்.ஐ.

நாட்டுக் குறியைக் கொண்டே மொழியைத் தீர்மானிக்கும் கணினி, வரிப்பத்தான்சேனை மாணவனுக்குச் சிங்களத் திரையைக் காட்டிவிடக்கூடும். மொழிக் குறியை மட்டும் நோக்குவதோ, தமிழ் என்றதும் இந்திய ரூபாயில் விலை கூறக்கூடும். இரண்டையும் இணைத்து, முதலில் டி.ஏ. என்றும் பின்னர் எல்.கே. என்றும் எழுதினால் இலங்கைத் தமிழ் என்பது ஐயமின்றி விளங்கும்.

எழுத்து முறைக்கும் 15924 என்றொரு தரம் உண்டு. முஸ்லிம் முன்னோர் மார்க்க நூல்களை அரபு எழுத்திலே தமிழாக எழுதினர். அவ்வரபுத் தமிழ் ஏடொன்றை நூலகப் பட்டியலில் சேர்ப்பவர், மொழி தமிழ் என்றும் எழுத்து அரபு என்றும் தனித்தனியே குறிக்கலாம். எழுத்தை மட்டும் கண்டு அதனை அரபு நூலெனப் பதிந்தால், தமிழ் நூல்களிடையே அதனைத் தேடுபவருக்கு அது கிட்டாது.

இவற்றின் பயனை மிகுதியாக உணர்பவர் கண்பார்வையற்றோர். திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் கருவி, பக்கத்தில் பொறித்த மொழிக் குறியைக் கொண்டே குரலைத் தேர்கின்றது. தமிழ்ப் பக்கத்துக்கு ஆங்கிலக் குறி இட்டால் அக்கருவி தடுமாறும். சில வேளை மௌனமாகும். அரசாங்கப் படிவமாயினும் பாடசாலை அறிவித்தலாயினும், அதனை ஆக்குவோர் இடவேண்டியவை இரண்டே எழுத்துகள். அவற்றை இடாவிடின், செவியால் மட்டுமே படிக்க இயன்றவருக்கு அப்பக்கம் எட்டாமற் போகும்.