அர்ஜுனா விருது யாருக்கு? வடுவூர் கபடிக் களத்திலிருந்து சில கேள்விகள்

2025 அக்டோபர் 23. பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியின் கபடி இறுதிச்சுற்று. ஆண்கள் பிரிவில் இந்தியா 35-32 என்ற கணக்கில் ஈரானை வீழ்த்தியது. பெண்கள் பிரிவிலும் எதிரணி ஈரான்தான். அங்கே 75-21 என்று ஸ்கோர் எங்கேயோ போய்விட்டது. ஆண்கள் அணியில் இருந்தவர் வடுவூர் அபினேஷ் மோகன்தாஸ். பெண்கள் அணியின் துணை கேப்டன் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா.

தஞ்சாவூர் - மன்னார்குடி சாலையில் போகிறவர்களுக்கு வடுவூர் என்றால் முதலில் ஞாபகம் வருவது ஏரியும் பறவைகள் சரணாலயமும்தான். ஆனால் டெல்டாக்காரர்களுக்கு அது விளையாட்டுக்குப் பேர்போன ஊர். அந்த ஊர்ப் பையன் கழுத்தில் தங்கப் பதக்கத்தோடு வந்து இறங்கியதும் சுற்றுவட்டாரமே கொண்டாடியது. தமிழக அரசு இருவருக்கும் தலா ரூ.25 லட்சம் கொடுத்தது.

அதோடு ஒரு சண்டையும் கிளம்பியது. "செஸ் சாம்பியன் குகேஷுக்கு ரூ.5 கோடி, கபடிப் பிள்ளைகளுக்கு 25 லட்சம்தானா?" என்று ஒரு தரப்பு. "அது உலக சாம்பியன் பட்டம், இது இளையோர் போட்டி. ரெண்டையும் எப்படிங்க ஒண்ணா வைக்கிறது?" என்று இன்னொரு தரப்பு. அப்படியே பேச்சு அர்ஜுனா விருதுக்கும் தாவியது. யாருக்குக் கிடைக்கும்? எப்படிக் கிடைக்கும்? கபடிக்காரருக்கு அது எவ்வளவு தூரம்?

அர்ஜுனா விருது என்றால் என்ன?

மத்திய அரசு 1961-ல் தொடங்கிய விருது. முதல் ஆண்டுப் பட்டியலிலேயே தமிழ்நாட்டின் செஸ் வீரர் மானுவல் ஆரோன் இருந்தார். விருது பெறுபவருக்கு அர்ஜுனன் வெண்கலச் சிலை, பாராட்டுப் பத்திரம், ரூ.15 லட்சம் ரொக்கம். இதற்கு மேலே உள்ளது கேல் ரத்னா. 1991-92-ல் தொடங்கப்பட்ட அந்த விருதை முதலில் வாங்கியவர் விஸ்வநாதன் ஆனந்த். 2021-ல் அதன் பெயர் மேஜர் தியான்சந்த் கேல் ரத்னா என்று மாற்றப்பட்டது. அதற்கு ரூ.25 லட்சம்.

அர்ஜுனா ஒரே ஒரு போட்டிக்காகத் தரப்படுவதில்லை. முந்தைய 4 ஆண்டுகளில் ஒருவர் தொடர்ந்து எப்படி ஆடினார் என்பதைப் பார்க்கிறார்கள். தலைமைப் பண்பு, ஒழுக்கம் இரண்டும் கணக்கில் வரும். 2024-ம் ஆண்டுக்கு 32 பேர் தேர்வானார்கள். அதில் 17 பேர் மாற்றுத்திறனாளி வீரர்கள். தமிழ்நாட்டின் துளசிமதி, நித்யஸ்ரீ, மனிஷா ஆகிய மூன்று பாரா பேட்மின்டன் வீராங்கனைகளும் அந்தப் பட்டியலில் உண்டு.

யார் முடிவு செய்கிறார்கள்?

மத்திய விளையாட்டு அமைச்சகம் ஒரு தேர்வுக் குழுவை அமைக்கும். முன்னாள் வீரர்கள், பயிற்சியாளர்கள், பத்திரிகையாளர்கள் போன்றோர் அதில் இருப்பார்கள். ஒலிம்பிக், ஆசியப் போட்டி, காமன்வெல்த், உலக சாம்பியன்ஷிப் ஆகியவற்றில் வாங்கிய பதக்கங்களுக்குப் புள்ளி உண்டு. குழு தன் கருத்தையும் சேர்த்துப் பரிந்துரை செய்யும். கடைசி முடிவு அமைச்சகத்தின் கையில்.

புள்ளி என்று வந்துவிட்டாலே நியாயம்தானே என்று தோன்றும். நடந்த கதை அப்படி இல்லை.

2015-ல் கேல் ரத்னாவுக்கு டென்னிஸ் வீராங்கனை சானியா மிர்சாவின் பெயர் அறிவிக்கப்பட்டது. லண்டன் பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் வெள்ளி வென்ற கிரிஷா, தனக்குத்தான் அதிகப் புள்ளி என்று கர்நாடக உயர் நீதிமன்றம் போனார். விருதை வாங்கியது சானியாதான்.

2018-ல் இன்னும் பெரிய சர்ச்சை. மல்யுத்த வீரர்கள் பஜ்ரங் புனியா, வினேஷ் போகத் இருவருக்கும் தலா 80 புள்ளி, பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானுவுக்கு 44, விராட் கோலிக்கு 0 என்று செய்திகள் வந்தன. கேல் ரத்னா போனது கோலிக்கும் சானுவுக்கும். நீதிமன்றம் போவேன் என்றார் பஜ்ரங். கேல் ரத்னா அவருக்கு மறு ஆண்டுதான் கிடைத்தது.

கோலிக்கு ஏன் பூஜ்யம்? அவர் ஆடிய கிரிக்கெட் அந்தப் புள்ளிப் பட்டியலுக்குள்ளேயே வரவில்லை, அவ்வளவுதான். அதனால் குழு பட்டியலைத் தாண்டி யோசித்தது. உலகமே அறிந்த ஒரு பேட்ஸ்மேனுக்காகத் தாண்டி யோசித்ததைத் தப்பென்றும் சொல்லிவிட முடியாது. ஆனால் யாருக்கும் தெரியாத ஒரு கபடி வீரருக்கு இதே பூஜ்யம் வந்தால், அவருக்காகவும் குழு தாண்டி யோசிக்குமா?

கபடிக்கு இந்தக் கணக்கு எப்படி இடிக்கிறது?

கபடி ஒலிம்பிக்கில் இல்லை. ஆசியப் போட்டியில் ஆண்கள் கபடி 1990 பெய்ஜிங்கிலும், பெண்கள் கபடி 2010 குவாங்சோவிலும்தான் சேர்ந்தது. சர்வதேச கபடி சம்மேளனத்தின் ஆண்கள் உலகக் கோப்பையோ 2004, 2007, 2016 என்று நினைத்தபோது நடந்தது.

ஆக, ஒரு கபடி வீரருக்கு 4 ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஆசியப் போட்டிதான் பெரிய கதவு. அந்த அணியில் 12 பேருக்குத்தான் இடம். அந்த வருடம் பார்த்து முழங்கால் போனால் அவ்வளவுதான். கொரோனாவால் 2022 ஆசியப் போட்டி 2023-க்குத் தள்ளிப்போனபோது இடைவெளி 5 ஆண்டாகிவிட்டது. வீரரின் வயது அதற்காகக் காத்திருக்குமா என்ன?

2014-ல் தொடங்கிய புரோ கபடி லீக் விளையாட்டின் முகத்தையே மாற்றியது. சம்பளம், டிவி, ரசிகர் கூட்டம் எல்லாம் வந்தது. ஆனால் அது உள்நாட்டு லீக். அங்கே எத்தனை பேரைப் பிடித்துப் போட்டாலும் விருதின் பதக்கக் கணக்கில் ஏறாது.

தஞ்சாவூர் மாவட்டம் திருச்சனம்பூண்டியைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதனை எடுத்துக்கொள்ளுங்கள். கபடி உலகத்துக்கே அவர் 'அண்ணா'. 2016-ல் பாட்னா பைரேட்ஸ் அணிக்கு கேப்டனாக இருந்து புரோ கபடி கோப்பையை வாங்கிக் கொடுத்தார். அதே ஆண்டு அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். அப்போது அவருக்கு வயது 41. பெரும்பாலான வீரர்கள் ஓய்வு பெற்று வேலைக்குப் போய்விட்ட வயது. அதற்குப் பிறகும் அவர் லீக்கில் ஆடினார். உடம்பையும் ஆட்டத்தையும் அத்தனை வருடம் காப்பாற்றி வைத்ததற்கு எந்தப் புள்ளிப் பட்டியலிலும் தனிக் கட்டம் கிடையாது.

ரைடருக்கு மட்டும்தான் கைதட்டலா?

இது டெல்டா திடல்களில் பழைய விவாதம். சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் வயல் காய்ந்ததும் ஊருக்கு ஊர் தொடர் போட்டிதான். ஃபிளட் லைட் போட்டு, மைக் செட் கட்டி, விடிய விடிய ஆட்டம் நடக்கும். பாடிப் போய் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு வரும் ரைடருக்கு விசில் பறக்கும். ஓரத்தில் குனிந்து நின்று, சரியான நொடியில் கணுக்காலைப் பிடிக்கும் கார்னர் ஆட்டக்காரரைக் கவனிப்பவர்கள் பழைய ஆட்டக்காரர்கள் மட்டும்தான். சேரலாதன் அந்தக் கார்னர் வகை.

அர்ஜுனா பட்டியலிலும் இதைப் பார்க்கலாம். அனூப் குமார் (2012), அஜய் தாக்கூர் (2019), பவன் செராவத் (2023) ஆகியோர் ரைடர்கள். பிடிக்குப் பேர்போன மஞ்சீத் சில்லர் (2015) போன்றவர்களும் உண்டு. ஆனாலும் சட்டென்று மக்கள் சொல்லும் பெயர்கள் ரைடர்களுடையவைதான்.

வெளிநாட்டில் மட்டும் சண்டை இல்லையா?

இருக்கிறது. கபடி மாதிரியே உடம்போடு உடம்பு மோதும் ரக்பியைப் பார்க்கலாம். 2025-ல் இந்தியாவில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கில் சென்னை புல்ஸ் கோப்பை வென்றதால் நம்மூரிலும் அந்த விளையாட்டின் பெயர் கொஞ்சம் அடிபட்டது. உலக ரக்பி அமைப்பு 2001-லிருந்து ஆண்டின் சிறந்த வீரரைத் தேர்ந்தெடுக்கிறது. அங்கே பதக்கப் புள்ளி கிடையாது. முன்னாள் வீரர்கள் அடங்கிய நடுவர் குழு ஆட்டங்களைப் பார்த்து முடிவு செய்யும்.

இதனால் ஒரு நல்லது நடக்கிறது. தோற்ற அணியில் இருப்பவரும் விருது வாங்க முடிகிறது. 2023 உலகக் கோப்பையை வென்றது தென்னாப்பிரிக்கா, சிறந்த வீரர் விருது இறுதிப் போட்டியில் தோற்ற நியூசிலாந்தின் ஆர்டி சவியாவுக்கு. 2025 பெண்கள் உலகக் கோப்பையை வென்றது இங்கிலாந்து, சிறந்த வீராங்கனை விருது தோற்ற கனடாவின் சோஃபி டி கூடேவுக்கு.

ஆனால் அங்கேயும் குறை உண்டு. 2021-ல் உலக சாம்பியனாக இருந்த தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒருவர்கூட ஆண்கள் பிரிவின் இறுதி நால்வரில் இல்லை. அந்த நாட்டு ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். கார்னர் ஆட்டக்காரர் பிரச்சினையும் அங்கே இருக்கிறது. ஸ்க்ரம் எனப்படும் தள்ளுமுள்ளில் முன்வரிசை நடுவே நின்று பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளுபவர் ஹூக்கர். 2001-ல் முதல் விருதை அயர்லாந்து ஹூக்கர் கீத் வுட் வாங்கினார். அடுத்த ஹூக்கருக்கு அது கிடைக்க 24 ஆண்டுகள் ஆயின. 2025-ல் தென்னாப்பிரிக்காவின் மால்கம் மார்க்ஸ் வாங்கினார். ஹூக்கருக்கு இரு பக்கமும் நின்று முட்டுக்கொடுக்கும் பிராப் ஆட்டக்காரர் ஒருவர்கூட ஆண்கள் விருதை இதுவரை வாங்கியதில்லை.

அப்படியென்றால் புள்ளி முறையைத் தூக்கிவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். 2014-ல் குத்துச்சண்டை வீரர் மனோஜ் குமாரின் பெயர் அர்ஜுனா பட்டியலில் விடுபட்டது. 2010 காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றவர் அவர். டெல்லி உயர் நீதிமன்றம் போனார், பிறகு விருது கிடைத்தது. கையில் பதக்கமும் அதற்கு ஒரு மதிப்பும் இருந்ததால்தான் அவரால் கேள்வி கேட்க முடிந்தது. முழுக்க முழுக்கக் குழுவின் கருத்து என்று விட்டால், டெல்லியில் ஆள் இல்லாத கிராமத்து வீரர் எதைக் காட்டிக் கேட்பார்?

கோளாறு புள்ளி கொடுப்பதில் இல்லை. எந்தெந்தப் போட்டிக்குப் புள்ளி என்பதில்தான் இருக்கிறது. ஒலிம்பிக்கில் இல்லாத விளையாட்டுகளுக்குத் தனி அளவுகோல் வேண்டும். அணி விளையாட்டில் ரைடருக்கும் டிஃபெண்டருக்கும் தனித்தனிப் பார்வை வேண்டும். குழு பட்டியலைத் தாண்டி ஒருவரைத் தேர்ந்தெடுத்தால், ஏன் என்று நாலு வரி எழுதி வெளியிட வேண்டும். இந்த மூன்றும் இருந்தாலே பாதிச் சண்டை குறைந்துவிடும்.

டெல்டா பிள்ளைகளுக்கு இதில் என்ன இருக்கிறது?

அர்ஜுனா மிகச் சிலருக்குத்தான் கிடைக்கும். ஆனால் எந்தப் போட்டி கணக்கில் வரும் என்ற அதே கேள்வி, கீழ்மட்டத்தில் வேலைவாய்ப்பாக வந்து நிற்கிறது. தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே, வங்கி, காவல்துறை அணிகளும் ஆள் எடுக்கின்றன. அங்கேயெல்லாம் செல்லுபடியாவது அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளின் சான்றிதழ். கோயில் திருவிழாத் தொடரில் வாங்கிய சுழற்கோப்பை வீட்டு அலமாரியில் அழகாக இருக்கும், ஆனால் விண்ணப்பத்தில் அதற்கு இடமில்லை. ஆகவே மாவட்டப் போட்டியோ மாநிலப் போட்டியோ, சான்றிதழை அன்றைக்கே கேட்டு வாங்கிப் பத்திரமாக வைப்பது அவசியம்.

இன்னொன்று, விண்ணப்பம். தேசிய விருதுகளுக்கு இப்போது வீரரே ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். பாரிஸ் ஒலிம்பிக்கில் 2 வெண்கலம் வென்ற மனு பாக்கரின் பெயரே 2024 டிசம்பரில் கேல் ரத்னா பரிந்துரையில் இல்லை என்று செய்தி வந்து பரபரப்பானது. விண்ணப்பிப்பதில் தன் பக்கம் தவறு நடந்திருக்கலாம் என்று அவரே பதிவிட்டார். பிறகு பெயர் சேர்ந்தது, 2025 ஜனவரி 17-ல் குடியரசுத் தலைவரிடம் விருதும் வாங்கினார். நாடே அறிந்த ஒலிம்பிக் வீராங்கனைக்காக நாடே குரல் கொடுத்தது. வடுவூரிலோ திருச்சனம்பூண்டியிலோ ஒரு வீரரின் விண்ணப்பம் விடுபட்டால் அதைக் கவனித்துச் சொல்ல வேண்டியது பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர், ஊர் கிளப், மாவட்டச் சங்கம் ஆகியோர்தான்.

அடுத்த ஆசியப் போட்டி 2026 செப்டம்பர் 19-ல் ஜப்பானின் ஐச்சி - நாகோயாவில் தொடங்குகிறது. கபடியும் அதில் உண்டு. அந்த 12 பேரில் யார் யார் என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த சில ஆண்டுகளின் அர்ஜுனா விவாதமும் நடக்கும்.