சிரிப்பூட்டும் வாயுவும் சீறும் காரும்

ஆலைகள் சூழ்ந்த எங்கள் குடிகாட்டில் வாயு என்றாலே அச்சம்தான். அதன் இயல்பை அறிந்தால் அச்சம் விழிப்பாக மாறும் என்பது என் கருத்து.

‘சிரிப்பூட்டும் வாயு’ எனப்படும் நைட்ரஸ் ஆக்சைடு, பந்தயக் கார்களின் வேகத்தைக் கூட்டவும் பயன்படுகிறது. காற்றில் எடைப்படி ஆக்சிஜன் 23 விழுக்காடு. இவ்வாயுவிலோ 36 விழுக்காடு. எஞ்சின் வெப்பத்தில் இது சிதைந்து ஆக்சிஜனைத் தருவதால் கூடுதல் பெட்ரோல் எரிகிறது. பெட்ரோலையும் அதற்கேற்பக் கூட்டாவிடில் வெப்பம் மிகுந்து பிஸ்டன் உருகும்.

36.4 டிகிரி செல்சியசுக்கு மேல் இது திரவமாக நிற்காது. நிரம்பிய சிலிண்டரில் அழுத்தம் 72 வளிமண்டலத்தைத் தாண்டும். நம் கடலூர்க் கத்திரி வெயில் அவ்வெப்பநிலையை எளிதில் எட்டிவிடும். ஆகவே வெயிலில் நிறுத்திய காருக்குள் சிலிண்டரை விட்டுவைக்கலாகாது. மிகை அழுத்தத்தை வெளியேற்றும் வால்வும் இன்றியமையாதது. பந்தயக் களத்திற்கு வெளியே, பொதுச்சாலையில், இவ்வேகம் வேண்டவே வேண்டாம்.

அழுத்தமானியைப் பார்க்கப் பொறுமையில்லாதவருக்கு வேகம் எதற்கு?