வீட்டுப் பாவனைக்கேற்ற சங்கிலி வாள்

1978 நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளியில் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் தென்னைகள் வரிசையாய்ச் சாய்ந்ததை முதியோர் இன்றும் கூறுவர். மாரிக்காற்றுக்கு முன் சங்கிலி வாள் வாங்க எண்ணும் கமக்காரர் கீழ்வருவனவற்றைக் கவனிப்பாராக.

கதியால் வெட்டவும் பந்தற்கால் தறிக்கவும் கைவாளே போதும். விழுந்த மரத்தைத் துண்டாட 12 முதல் 14 அங்குல அலகும், 35 முதல் 40 கன சென்ரிமீற்றர் எஞ்சினும் உடைய வாள் பொருந்தும். 22 அங்குல வாளை மலிவாகக் காட்டினும் மயங்கற்க. அது பாரமானது, கை ஓய்ந்த வேளையிலேயே விபத்து நேரும். இதனைக் கடைக்காரர் கூறார்.

விலை பேசுமுன் சங்கிலித் தடுப்பைப் பரீட்சித்துப் பார்க்க. எஞ்சினை நிறுத்தித் தடுப்பை முன்னே தள்ளியபின், கையுறையணிந்து இழுத்தாலும் சங்கிலி நகரலாகாது. ஓடும் அலகின் நுனி மேற்புறம் மரத்திற் பட்டால் வாள் முகத்தை நோக்கித் துள்ளும். அக்கணத்தில் உயிர்காப்பது இத்தடுப்பே. தடுப்பில்லா வாளை இனாமாகத் தரினும் ஏற்கலாகாது.

உதிரிச் சங்கிலி மட்டக்களப்பிலேயே கிடைக்குமா என்பதையும் கேட்டறிக. முற்றிய தென்னையும் மணல் படிந்த அடிமரமும் பல்லை விரைவில் மழுக்கிவிடும். எனவே வட்ட அரம் ஒன்றும் வேண்டும்.

கைந்நூல் 50க்கு 1 எனக் கூறின், ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர் இரண்டடிப்பு எஞ்சின் எண்ணெய் கலக்க வேண்டும். எண்ணெய் கலவாத பெற்றோல் எஞ்சினை இறுக்கிவிடும்.

பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றித் தறிப்பதை 1951ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கின்றது. சங்கிலி வாள்களைப் பதியுமாறு 2017இல் அரசு பணித்தது. ஆகவே பற்றுச்சீட்டின்றி வாள் வாங்கற்க.