விழுங்கற் சோதனையும் எக்ஸ் கதிர்க் காப்பும்

உணவை விழுங்குதல் மாந்தர் எண்ணாமலே இயற்றுஞ் செயல்களுள் ஒன்று. வாயிலிருந்து புறப்பட்ட கவளம் தொண்டையைக் கடத்தற்கு ஒரு விநாடியளவே செல்லும். அச்சிறு பொழுதில் மூச்சுக்குழலின் வாயில் செவ்வனே மூடப்படாதாயின் உணவு நுரையீரலை நாடும். பாரிசவாதத்தால் தாக்குண்டோர் பலரிடத்து இக்குறை காணப்படுகின்றது. அவருட் சிலர் இருமுவதுமில்லை. ஆதலின் அருகிருப்போரும் அதனை அறியார். மறைந்து நிகழும் இக்கேட்டைக் காட்டவல்லது எக்ஸ் கதிர்ச் சோதனையாகும். பேரியம் சல்பேற்றுக் கலந்த நீரையுங் கூழையும் நோயாளிக்கு ஊட்டி, அவை செல்லும் நெறியை அசையும் படமாகப் பதிவு செய்வர். இம்முறையை வகுத்துப் பரப்பியோருள் தலைசிறந்தவர் அமெரிக்க அறிஞர் ஜெறி லோகமன் ஆவர்.

நோயாளியைக் காக்கும் இக்கதிர், ஊட்டுவோரையும் தாக்கவல்லது. இதனை மருத்துவ உலகம் பெருவிலை கொடுத்தே கற்றது. றொன்ஜன் 1895ஆம் ஆண்டில் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். மறு ஆண்டின் இறுதியிலேயே ஹார்வாட் மருத்துவ மாணவரான வால்ற்றர் கனன், விலங்குகள் உணவை விழுங்குமாற்றை அக்கதிர்கொண்டு நோக்கலானார். பிற்காலத்தில் அவரை வருத்திய தோல்நோய்க்கு அவ்விளமைக்கால ஆய்வே காரணமெனக் கருதப்படுகின்றது. எடிசனின் உதவியாளர் கிளறன்ஸ் டாலி, கதிரால் கைகள் புண்பட்டு 1904இல் இறந்தார். இவ்வாறு மாண்டோர்க்கென 1936இல் ஹம்பேர்க் நகரில் எழுப்பப்பட்ட நினைவுத்தூணில் 169 பெயர்கள் பொறிக்கப்பட்டன.

ஏனைய எக்ஸ் கதிர்ப் படங்களை எடுப்போர் காப்புச் சுவரின் பின்னே சென்று நிற்பர். விழுங்கற் சோதனையிலோ சிகிச்சையாளர் கரண்டியுங் கையுமாக நோயாளியின் அருகே நிற்றல் வேண்டும். அவரை அடைவது பெரும்பாலும் நேர்க்கதிரன்று. நோயாளியின் உடலிற் பட்டுத் தெறிக்குஞ் சிதறு கதிரேயாம். கதிர் உடலினுட் புகும் பக்கத்திலேயே சிதறல் மிகுதி. ஆகவே கதிர்க்குழாயுள்ள பக்கத்தை விடுத்து, படம்வாங்குங் கருவியுள்ள பக்கத்தில் நிற்றல் நன்று.

காப்பு நெறிகள் மூன்று: காலம், தூரம், கவசம். இவற்றுள் தூரத்தின் ஆற்றல் பெரிது. அரை மீற்றர் தொலைவில் நின்றவர் ஒரு மீற்றருக்கு விலகின், ஏற்குங் கதிர் ஏறக்குறைய நாலிலொன்றாகும். கவளத்தை ஊட்டியவுடன் ஓரடி பின்வாங்குதலும், தானே உண்ணவல்ல நோயாளியிடம் கிண்ணத்தைக் கொடுத்தலும் இதனாற் பயனுடையன. அரை மில்லிமீற்றர் ஈயத்துக்கு நிகரான மேலங்கி சிதறு கதிரின் பெரும்பகுதியைத் தடுக்கும். ஆயினும் முதுகுப்புறந் திறந்த அங்கியை அணிந்தவர் நோயாளிக்கு முதுகு காட்டலாகாது. கழுத்துக்கும் கண்ணுக்குந் தனிக்காப்பு வேண்டும். ஈயக்கையுறை அணிந்தோர் கதிரின் நேர்வழியிற் கையை நீட்டலாம் எனக் கருதுதல் தவறு. தடையை உணர்ந்த பொறி தானே கதிரைப் பெருக்கிவிடும்.

காலத்தைக் குறைத்தலில் மட்டும் ஓர் இக்கட்டு உண்டு. விநாடிக்கு 30 துடிப்புகளை 15 ஆக்கின் கதிர் குறையும். ஆயினும் கணப்பொழுதிற் கடக்கும் நீர்த்துளி கண்ணுக்குத் தப்பவுங் கூடும். தப்பிய சோதனையை மீளச் செய்யின் நோயாளிக்கும் ஊட்டுவோர்க்கும் கதிர் மிகும். ஆகவே துடிப்பைக் குறைப்பதினும், எவ்வுணவை எம்முறையில் ஊட்டுவதென்பதை முன்னரே வகுத்து, விழுங்கும் பொழுதில் மட்டுங் கதிரைச் செலுத்தி, அதன் பரப்பையும் வாய்தொண்டையளவிற் சுருக்குதல் மேலானது.

கதிர்க் காப்புக்கான சருவதேச ஆணைக்குழு, இத்தொழிலாளர்க்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவேட் என்னும் எல்லையை விதித்துள்ளது; எந்த ஓராண்டிலும் 50ஐ மீறலாகாது. கண்வில்லைக்கு முன்னர் 150 ஆக இருந்த எல்லையும், வெண்புரை நோய் பற்றிய அறிவு வளர்ந்தமையால், 2011இல் 20 ஆகக் குறைக்கப்பட்டது. காப்பு நெறிகளை வழுவாது பேணுவோர் ஏற்கும் அளவு இவ்வெல்லைகளுக்கு மிகக் கீழேயே நிற்கும். அதனை அறிதற்கு அளவிப் பட்டையை நாடோறும் அணிதல் வேண்டும். மேசையறையிற் கிடக்கும் பட்டை எதனையுங் காட்டாது.

கதிருக்கு நிறமில்லை, மணமில்லை, படும்போது நோவுமில்லை. ஆதலின் அச்சம் காவாது, பழக்கமே காக்கும். பிறர் விழுங்கும் ஒரு கவளத்தின் நலம் நாடி நிற்போர், தம் நலத்தையும் பேணுதல் தன்னலமன்று. நாளை வரும் நோயாளிக்கு ஆற்றுங் கடனேயாம்.